அடுத்த வருடத்து முதல் தெரிவு

அக்கா,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஐயரிடம் பொய் சொன்னேன். என் தங்கச்சியின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, இரண்டு சம்பந்தம் வந்திருக்கிறது, இரண்டு பெடியன்களும் அமெரிக்கா, பிறந்த திகதி மட்டும்தான் தெரியும், பொருத்தம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பெறாமகளுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு பிள்ளைகள். பெடியன்கள் இரண்டு பேரும் அமெரிக்கப் பந்தாட்டத்துக் குவாட்டர்பேக்.

இன்று காலை பஸ்ஸில் டிக்கெட் தேடிக் கைப்பையைத் திறந்தால், ஐயர் தந்த திருநீற்றுப் பொட்டலம் அவிழ்ந்து கிடக்கிறது. திறப்புக்கோர்வை, செபமாலை, கைபேசி, எல்லாவற்றிலும் சாம்பல். திருநீறும் கற்பூரமும் கலந்த வாசம். அது உங்கள் குளிர் ஜாக்கெட்டின் வாசம் அல்லவா? சட்டென்று திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டேன். பின்னால் நின்றது ஒரு சிசிலிக் கிழவர். அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். அடுத்த தரிப்பிலேயே இறங்கி, வேலை வீடு இருக்கிற லிபெர்த்தா வீதி வரைக்கும் நடந்தேன்.

ஒரு கிழமையாக இப்படித்தான். இருந்தால் எழும்பவேண்டும் போலிருக்கிறது, எழும்பினால் எங்கே போவது என்று தெரியவில்லை. வேலை வீட்டு முதலாளியம்மா, சினியோராவின் ஒரே தலையணை உறையை இரண்டு தரம் ஸ்திரி போட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுவது. பிழை பிடிக்காமல் வாசியுங்கள்.

சிசிலியில் இருக்கிற எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது நீங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு ஏப்ரலும், புதிதாக வரும் இளம் ஆட்டக்காரரைப் பந்தாட்ட அணிகள் வரிசையில் நின்று பொறுக்கி எடுக்கின்றன. முந்திய வருடம் கடைசியாய் வந்த அணிக்கு முதல் தெரிவு. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ரொறன்ரோவில் உங்கள் தம்பி குடும்பம் அதே பெடியன்களை மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் தங்களுக்குள் திரும்பப் பொறுக்கி விளையாடியது. ஒரு வீட்டுக்கு ஒரு அணி; பெடியன் உண்மை ஆட்டத்தில் எடுக்கிற புள்ளி அந்த வீட்டுக்கு, கடைசியாய் வந்த வீட்டுக்கு அங்கேயும் அடுத்த வருடம் முதல் தெரிவு. ஒரு அணி குறைகிறது என்று தம்பியின் மகள், உங்கள் மருமகள், சொன்னதும், "எனக்கும் ஒண்டு தா. மேரியும் நானும் பாதி பாதி" என்றீர்கள். அந்தப் பந்து உருண்டையில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பந்தைக் கையில் வாங்கி, ஆறேழு எருமைகள் பாய்ந்து வருவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவன்தான் குவாட்டர்பேக். அவன் சரியில்லை என்றால் மற்றவர்கள் எவ்வளவு ஓடியும் பயனில்லை. அதனால் அவனை அங்குலம் அங்குலமாய்ப் பார்க்கிறார்கள். ஒரேத்தோத் தெருவில் உங்கள் வீட்டுக் குசினியில் இருந்து அந்தக் காணொளிகளைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெடியனின் கையை மேசையில் விரித்து வைத்து, பெருவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனி வரைக்கும் அளந்தார்கள்.

"எடியே, சாண் அளக்கிறாங்கள்!" என்று கத்தினீர்கள். "இதுக்கே இவ்வளவு மெசின்? எங்கட ஐயா வேலிக்குக் கதியால் போடேக்கை அளந்ததுதானே!"

"கை சின்னனெண்டால் மழைக்குப் பந்து வழுக்குமாம், அக்கா."

"கை கிடக்கட்டும். இவன்ர நட்சத்திரம் என்ன?"

அங்கேதான் நாம் கெட்டோம். அமெரிக்காக்காரர் எறிகிற தூரம் பார்க்கிறார்கள், ஓடுகிற வேகம் பார்க்கிறார்கள், நெருக்கி வரும்போது கண் எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் சாதகம் பார்த்தீர்கள். பயிற்சியாளரின் நட்சத்திரத்தோடு பெடியனின் நட்சத்திரத்தைப் பொருத்திப் பார்த்தீர்கள். பெயர் கூப்பிட்டதும் அவன் முதலில் தாயைக் கட்டிப் பிடிக்கிறானா, காதலியையா என்று கவனித்தீர்கள். செவ்வாய் தோசம் என்று நீங்கள் தள்ளிவிட்டவன் அந்த வருடம் ஊரையே கலக்கினான். ரோகிணி, தங்கமான பிள்ளை என்று எடுத்தவன் ஒரு வருடம் முழுக்க ஆட்டத்துக்கு இறங்காமல் வாங்கில் குந்தியிருந்து தண்ணீர் குடித்தான்.

"சும்மா இருங்கோ அக்கா, அவன் தாகசாந்திக்குப் பிறந்த பிள்ளை" என்று நான் பகிடி பண்ண, நீங்கள் அகப்பையால் எறிந்தீர்கள். அது குறி தவறிச் சுவரில் பட்டது. உங்கள் சாணையும் அளந்திருக்கவேண்டும்.

ஆனால் பேரம் என்று வந்தால் நீங்கள் கெட்டிக்காரி. டிராஃப்ட் நாளில் தெரிவையே கொடுத்து வாங்கலாம். ஒரு குவாட்டர்பேக்கில் கண் வைத்தவன் தன்னுடைய இரண்டு மூன்று பின் தெரிவுகளைக் கொடுத்து மேலே ஏறுவான். இந்த வருடத்தைக் கொடுத்து அடுத்த வருடத்தை வாங்குகிறவனும் உண்டு. யாரில் ஆசை என்று கடைசி வரைக்கும் காட்டமாட்டார்கள். வேண்டாதவனைப் புகழ்வார்கள், வேண்டியவனுக்கு முழங்கால் சரியில்லை என்று கதை கட்டுவார்கள். "சீதனம் பேசுற மாதிரித்தான்" என்பீர்கள். "பிடிச்ச இடத்தைப் பிடிச்சதெண்டு காட்டினால் விலை ஏறும்."

போன வருடம் மே மாதம் எங்களுக்கு இரண்டாம் தெரிவு. நீங்களே வாயூறிக்கொண்டிருந்த ஒரு குவாட்டர்பேக் எங்களுக்காகவே காத்து நின்றான். அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி கைபேசியில் வந்தார். "அக்கா, உங்கட தெரிவை எனக்குத் தாங்கோ. அடுத்த வருசத்து என்ர முதலாவதைத் தாறன்." நீங்கள் யோசிக்கவே இல்லை. "ஓம், எடு" என்றீர்கள்.

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். "உங்களுக்கென்ன விசரே? நல்ல பெடியன் எண்டு நீங்கள்தானே சொன்னியள்!"

"அவனுக்கு எட்டிலை சனி. அடுத்த வருசம் வாறது இன்னும் திறமடி."

"அடுத்த வருசத்தை ஆர் கண்டது?"

"நீ காண்பாய்" என்றீர்கள். சொல்லிவிட்டு வெங்காயத்தை வெட்டினீர்கள்.

நான் கேட்டது பகிடிக்கு. அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்கள் என்பது எனக்கு ஆடி மாதத்தில்தான் தெரியும். கார்த்திகையில் நீங்கள் இல்லை.

உங்கள் தம்பி ஆசையாய் வாங்கிய பெடியனுக்கு நாலாவது ஆட்டத்திலேயே தோள் கழன்றது. அவருடைய அணி கடைசியாய் வந்தது. ஆகவே நீங்கள் வாங்கி வைத்த அந்தத் தெரிவு, எல்லோருக்கும் முந்திய தெரிவாகிவிட்டது. உங்கள் சாதகம் ஒரே ஒரு தடவை சரிவந்தது. அதைச் சொல்லி உங்களை நக்கலடிக்க நீங்கள் இல்லை.

போன கிழமை உங்கள் தம்பி அழைத்தார். எங்கள் அணியை ஒட்டாவாவில் இருக்கிற மச்சானுக்குக் கொடுக்கலாமாம்.

"மேரி அக்கா, நீங்களும் வேலைக்கு ஓடுற ஆள். அக்காவும் இல்லை. உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்? முதல் தெரிவோடை மச்சான் எடுக்கட்டும். குடும்பத்துக்குள்ளை இருக்குமெல்லோ."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. ஆனால் அந்தக் கடைசிச் சொல் என் நெஞ்சில் முள்ளாய் நின்றது. நான் மன்னார், நீங்கள் யாழ்ப்பாணம். நான் வேதம், மாதாவைக் கும்பிடுகிறவள்; நீங்கள் சைவம். எனக்கு உங்கள் குடும்பத்தில் இருக்கிற பிடி அந்த அரை அணி மட்டும்தான். டிராஃப்ட் நாள் அழைப்பில்தான் உங்கள் மருமகள் சிரிப்பதைக் கேட்பேன். தொடங்கும்போது ஒரு விக்கலோடு தொடங்குமே, உங்களுடைய அதே சிரிப்பு. அணி போனால் அதுவும் போகும். "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். மாடத்துக்குப் போனேன், வந்தேன், திரும்பப் போனேன்.

எடுப்பதென்றாலும் யாரை எடுப்பது? இந்த வருடம் இரண்டு பேர். ஒருவன் தென்னை உயரம், எறிந்தால் பந்து மொண்டெல்லோக் கடற்கரை வரைக்கும் போகும். ஆனால் விழுத்திவிட்டால் எழும்பித் தன் ஆட்களையே ஏசுகிறான். மற்றவன் கட்டை. முன்னால் நிற்கிற நெடுவல்கள் அவன் எறிகிற பந்தைத் தட்டிவிடுகிறார்கள். ஆனால் பந்தைத் தவறவிட்டவனிடம் ஓடிப்போய்த் தலையில் தட்டிவிட்டுத்தான் வருகிறான். இதைப் போய் யாரோடு கதைப்பது? அதுதான் கோயிலுக்குப் போனேன். நீங்கள் என்னோடு சாந்தா ரொசாலியா மலை ஏறி மெழுகுதிரி கொளுத்தாத வருடம் உண்டா? நான்தான் உங்கள் கோயிலில் இத்தனை வருடம் வாசலோடு, செருப்புக்குக் காவல் நின்றவள்.

ஐயர் பஞ்சாங்கத்தை விரித்து, "பெண்ணின் நட்சத்திரம்?" என்று கேட்டார். பெறாமகளின் நட்சத்திரம் வேதக்காரிக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த நட்சத்திரம் ஒன்றே ஒன்று. வாசலில் நின்று எத்தனை அர்ச்சனையில் உங்கள் பெயரோடு கேட்டிருப்பேன். "உத்தரட்டாதி" என்றேன்.

ஐயர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நேரம் இல்லாததாலை குத்துமதிப்புத்தான். ரெண்டாவது பெடியனுக்குப் பத்திலை எட்டுப் பொருத்தம். முதலாவது வேண்டாம்" என்று திருநீறு தந்தார். கட்டையன்! என் மனமும் அதுதான்.

நேற்று ஞாயிறு டிராஃப்ட். சினியோராவின் சாப்பாட்டு அறையில், சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தேன். கால் தானாக ஆடியது. முழுக் குடும்பமும் திரையில்.

"என்ன முடிவு, மேரி அக்கா?" என்றார் உங்கள் தம்பி.

"தரமாட்டன், தம்பி. உங்கட அக்கா அதை எனக்கெண்டு வாங்கினவ."

"உங்களுக்கெண்டு சொன்னவவோ?"

"ஓம். அடுத்த வருசத்தை ஆர் கண்டதெண்டு கேட்டன். 'நீ காண்பாய்' எண்டு சொன்னவ."

உங்கள் தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு, "அப்ப எடுங்கோ. உங்கட முறை" என்றார்.

அந்த நேரம் கோப்பி பொங்கியது. குசினிக்கு ஓடினேன். திரும்பி வர, சினியோரா கண்ணாடி போட்டுக்கொண்டு என் கைபேசியைக் கையில் வைத்திருந்தார். திரையில் வரிசையாகப் பெடியன்களின் படங்கள். யார் இவர்கள் என்று கேட்டார். வாய்க்குப் பழகிவிட்டது, பெறாமகளுக்கு வந்த சம்பந்தங்கள் என்றேன். "கே பெல்லோ!", என்ன அழகு, என்று கடைசி வரிசையில் இருந்த ஒரு வடிவான முகத்தில் விரலை வைத்து அழுத்தினார்; அதோடு எங்கள் முதல் தெரிவு போய்விட்டது.

"அன்ரி," என்றாள் உங்கள் மருமகள், "அவர் கிக்கர்."

கிக்கர் பந்தை எறிவதில்லை. ஆட்டத்தில் எப்போதாவது ஒரு தரம் வந்து உதைத்துவிட்டுத் திரும்பப் போய் வாங்கில் குந்திவிடுவார். முதல் தெரிவில் கிக்கரை ஒருவரும் எடுப்பதில்லை. கட்டையனை, அடுத்த முறையை வேறொரு வீட்டிடம் வாங்கி வைத்திருந்த உங்கள் தம்பி எடுத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "மேரி அக்கா, இந்த முறை கடைசி நீங்கள்தான்!"

"அப்ப அடுத்த வருசமும் முதல் தெரிவு அன்ரிக்குத்தான், அப்பா" என்றாள் மருமகள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். விக்கலோடுதான் தொடங்கியது.

கிக்கரின் பிறந்த திகதி கேட்டிருக்கிறேன். நேரம் தெரியாதாம்.

கல்யாணம் எப்போது என்று சினியோரா கேட்டார். செப்டெம்பரில் என்றேன். ஆட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. கல்யாணத்துக்குப் போடத் தன் நீலச் சட்டையை லாவந்தெரியாவில் சலவைக்குக் கொடுக்கச் சொன்னார். இன்று மத்தியானம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வந்து எடுக்கச் சொன்னார்கள்.