'சூன்' என்றால் உடனே

கிள்ளான் கடைத்தெருவில், மூடிக்கிடந்த ஒரு கடையின் கதவில் விரைவில் திறக்கிறோம் என்று சொல்லும் 'ஓப்பனிங் சூன்' பலகையை இன்று காலை பார்த்தேன். வெயிலில் எழுத்தே வெளுத்துப் போயிருந்தது. உன் நினைவு வந்தது, கூடவே எரிச்சலும்.

வக்கீல் அலுவலகத்தில் நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே உனக்குச் சொல் ஆராய்ச்சிப் பைத்தியம். சாப்பாட்டை ஆறவிட்டு அகராதியைப் புரட்டுவாய். ஓய்வு பெற்றும் அது விடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் உன் அடுக்குமாடியின் லிஃப்ட் பழுதாகி, நிர்வாகத்தார் 'சூன்' சரியாகிவிடும் என்று அறிவிப்பு ஒட்டியதும், அந்த ஒரு சொல்லைத் தோண்ட ஆரம்பித்தாய். மூட்டுவலியோடு ஏழாவது மாடியில் அடைபட்டவளுக்கு வேறு என்ன வேலை?

ஒருநாள் ஃபோன் செய்தாய். பழைய ஆங்கிலத்தில் அது 'சோனா'வாம். பொருள், 'உடனே'. பழைய ஜெர்மானிய மொழிகளிலும் அதன் உறவுகள் இருக்கின்றனவாம். அதற்கும் அப்பால் வேர் எதுவென்று உறுதியாகத் தெரியவில்லையாம்.

"இதோ வரேன்னு சொல்லிட்டு வராதவங்கதான் இந்தச் சொல்லைக் கெடுத்திருக்காங்க," என்றாய்.

மறுவாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாய். நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர் பணிவாகத்தான் பேசினார். உதிரிபாகம் இன்னும் வரவில்லை என்றார். எப்போது வரும் என்று கேட்டாய்.

"சூன் லா, ஆன்டி."

"அப்படின்னா உடனேன்னு அர்த்தம், தம்பி. நீங்க அந்த அர்த்தத்துலதான் சொல்றீங்களா?"

அவர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

பிறகு நீ கீழே இறங்கவேயில்லை. என் மகள் கல்யாணத்துக்கென்று நீ எடுத்த பச்சைப் பட்டு மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. உனக்கு நெஞ்சுவலி வந்த அன்று, படி வளைவில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாமல் ஆம்புலன்ஸ் ஆட்கள் திணறினார்கள். அந்த நேரத்திலும், "பார்த்துத் தூக்குங்கப்பா, இடுப்பு பிடிச்சிக்கும்," என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டாய். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே நீ போய்விட்டாய்.

லிஃப்ட் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றாவது, இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். யார்மீது கோபப்படுவது என்றாவது தெரிந்திருக்கும்.

மகள் இப்போது செமினியில் இருக்கிறாள். எப்போது வருகிறாய் என்று அவள் கேட்டால் 'சூன்' என்பதில்லை; கிழமையும் நேரமும் சொல்கிறேன், சொன்னபடி போய் நிற்கிறேன். முந்தாநாள் கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்து போனேன்.

"எதுக்கும்மா இந்த மழையில? அப்புறமா வந்திருக்கலாமே," என்றாள்.

துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டேன். அடுத்து வரப்போகும் கிழமையையும் நேரத்தையும் அவளிடம் சொன்னேன்.