முனியாண்டி நிறுத்திய வேனும் மூச்சு விடாத மூடியும்

அன்பு மகன் லோஜனுக்கு, ருவான்வெல்லைத் தோட்டத்திலிருந்து அம்மா எழுதுவது. கத்தார் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் என் நினைப்பு. இங்கே நான் சுகம், தங்கச்சி பிரஷாந்தினி சுகம், அவள் பெற்ற பிள்ளையும் சுகம், அழுதால் லயத்து வரிசை வீடெல்லாம் எழுந்துவிடுகிறது. அப்பாவும் புத்தியைத் தவிர மற்றபடி சுகம்தான். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நின்று காது கொடுப்பார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் சுதாகரனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முனியாண்டிக்குக் கோயில் கட்டப் பணம் அனுப்பச் சொல்லி அப்பா உன்னிடம் கேட்டாராம். ஒரு சதமும் அனுப்பாதே. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

பொங்கலுக்குப் பிறகு நம் பழைய டீசல் வேனுக்கு ஒரு வியாதி வந்தது. லயத்திலிருந்து ஒழுங்காகப் புறப்படும், ஏற்றம் தொடங்கும் வளைவில் சரியாக முனியாண்டி கல்லுக்கு முன்னால் போய் இருமி இருமி நின்றுவிடும். தினமும் அதே இடம். அப்பா முதலில் பம்ப் என்றார், பிறகு இன்ஜெக்டர் என்றார், பிறகு குழாயில் காற்றுப் பிடிக்கிறது என்றார். ருவான்வெல்லையில் வண்டி திருத்தும் ஹில்மி பாஸிடம் கொண்டு போனார். ஹில்மி பாஸ் முதல் வேலையாக டாங்கி மூடியைக் கழற்றி டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார், கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார், வேன் குதிரை மாதிரி ஓடியது. ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். மறுநாள் மறுபடியும் கல்லுக்கு முன்னால் நின்றது. வீட்டில் படுத்துக்கிடந்து டாக்டரைக் கண்டதும் எழுந்து உட்காரும் உன் பெரியப்பா மாதிரிதான்.

அப்போதுதான் மயில்வாகனம் பூசாரி வந்து, முனிக்குக் கோபம் என்றார். "தெனமும் அவரு மூஞ்சில பொகைய ஊதிட்டுப் போறீங்க, ஒரு நாளாவது என்னா ஏதுன்னு கேட்டீங்களா" என்று அப்பாவைத் திட்டினார். ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்லில் வைத்து, டாங்கி வாயைத் திறந்து உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு போட்டு மூடினார். அப்பா டீசல் ஏற்றும் கைப்பம்பை அமுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் வேன் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வந்தது வினை. தினமும் கல்லடியில் நிற்பது, திருநீறு போடுவது, போவது. பஸ் ஓட்டும் சிங்கள ஆட்கள்கூட முனி மாத்தயா என்று ஐயா பட்டம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாருடையதோ பழுதான ஒரு புல்லு வெட்டும் மிஷினைக்கூடக் கொண்டுவந்து கல்லடியில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் வேன் லயத்தடியிலேயே திணற ஆரம்பித்தது. ஹில்மி பாஸ் பில்டரைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே வெள்ளைச் சேறு. "டாங்கிக்குள்ள கஞ்சியா காச்சுறீங்க" என்று கேட்டார். அப்பா வெட்கப்படவில்லை, அது பிரசாதம் என்றார். உடனே ஒரு கோயில் கமிட்டி போட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரைமார் கோயிலுக்குச் சீமெந்து தருவதாகச் சொன்னார்கள். ரோட்டுக்கு எத்தனை வருடமாகக் கேட்கிறோம், ஒரு சட்டி சீமெந்து வந்ததா? கோயிலைக் கட்டிக் கொடுத்துவிட்டால் குழியில் விழுகிறவன் சாமியைத்தான் கூப்பிடுவான், துரையைக் கூப்பிடமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

தங்கச்சிக்குச் சுகப்பிரசவம் என்று மட்டும்தான் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். அன்றைக்குக் காலையில் நல்ல மழை, அவளுக்கு வலி எடுத்துவிட்டது. தோட்டத்து லொறியைக் கேட்டேன், பால் ஏற்றப் போகிறது என்றார்கள். றப்பர் பால் உறைந்து போகுமாம், அதனால் லொறி நேரத்துக்குப் போகவேண்டுமாம். பிள்ளைத்தாச்சி உறைய மாட்டாளே, காத்திருக்கலாம். சரி என்று நம் வேனில் ஏற்றிக் கேகாலை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். கல்லுக்கு முன்னால் வேன் நின்றது. பூசாரி வரக்காப்பொலயில் கல்யாண வீட்டில் இருந்தார். அப்பா போன் போட்டார். அவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "டாங்கிக்கிட்ட போன பிடிங்க" என்று மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். உன் அப்பா மழையில் குனிந்து நின்று வேனின் விலாவில் போனை வைத்துக்கொண்டிருக்கிறார், உள்ளே என் பிள்ளை வலியில் சீட்டைப் பிய்க்கிறாள், போனுக்குள் யாரோ பாயாசம் வேண்டுமா என்று கேட்கிறான். மந்திரம் முடிந்தது. கைப்பம்பை அமுக்கினார், சாவியைத் திருப்பினார், வேன் அசையவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி மடியில் செருகிவிட்டு, திருநீறாவது போட்டுத் தொலைப்போம் என்று மூடியைத் திருகினேன். லேசில் வரவில்லை, உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. கழன்றதும் ஸ்ஸ் என்று டாங்கி ஒரு மூச்சு இழுத்தது பார், கல்லில் இருந்த காக்கை பறந்துவிட்டது. அந்த மூடியைக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பழைய மூடி தொலைந்ததும், பால் உறையப் போடும் எசிட் கேனின் மூடியை அப்பா கொண்டுவந்து மாட்டினார் அல்லவா? இந்தப் பொங்கலுக்குத்தான் அதற்கு ஒட்டு றப்பரில் வளையம் வெட்டி, சொட்டுக் காற்றும் போகாமல் இறுக்கினார். திருடன் உறிஞ்சக்கூடாது, வாடையும் வரக்கூடாது என்று அத்தனை பெருமை அவருக்கு. டின்பாலில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வருமா? காற்றுப் போக இன்னொரு ஓட்டை போடுகிறோமே. டீசல் போகப் போக டாங்கிக்குள் காற்று வராமல் கட்டிக்கொண்டது, ஏற்றத்தில் கூடுதலாக இழுக்கும்போது நின்றது, அவ்வளவுதான். தினமும் காலையில் அப்பா குச்சி விட்டு டீசல் பார்த்துவிட்டு மூடிய கணக்குக்கு அந்த மூச்சு முனியாண்டி கல் வரைக்கும்தான் தாங்கியது. ஹில்மி பாஸ் திறந்தபோதும் பூசாரி திறந்தபோதும் குணமானது இதனால்தான்.

மூடியைப் போடவிடவில்லை. என் தலைத்துண்டை டாங்கி வாயில் தளர்வாகச் செருகி, இப்போது வேனை எடுங்கள் என்றேன். எடுத்தார், ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் ஏற்றும்போதே பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கல்லடியில் நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் குடைக்கம்பியை அடுப்பில் பழுக்கவைத்து மூடியில் ஓர் ஓட்டை போட்டேன். அதற்குப் பிறகு வேன் எங்கேயும் நிற்கவில்லை. அதுதான் இப்போது பிரச்சினை. பொம்பளை ஆத்திரப்பட்டதில் முனி பயந்து ஒதுங்கிவிட்டார் என்று கமிட்டிக்கு என்மேல் கோபம். வேன் தானாக நிற்காததால் உன் அப்பாவே கல்லடியில் பிரேக் போட்டு நிறுத்தி, கொஞ்ச நேரம் இருமிவிட்டுப் போகிறார். வேன் இல்லை மகன், அவர்தான் இருமுகிறார். போன கிழமை பார்த்தால் ஓட்டையில் றப்பர் பால் பூசி அடைத்திருக்கிறது. யார் செய்தது என்று கேட்டேன், "தூசி விழுந்திரும்லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குத்துகிறேன், அவர் அடைக்கிறார். அடுத்த வாசல் ஷாமிளாவுக்கு இந்த மாதம் பிரசவ நாள். லொறி வராது, அவள் இந்த வேனைத்தான் நம்பி இருக்கிறாள். அவளைக் கல்லடியில் நிறுத்தி வைக்க என்னால் முடியாது.

ஆகவே பணம் வேண்டாம், ஒரு டாங்கி மூடி வாங்கிச் சீக்கிரம் அனுப்பு. வெளிநாட்டுச் சாமான் என்றால் அப்பா துடைத்து வைப்பாரே தவிர அதில் றப்பர் பால் பூசமாட்டார். டாங்கி வாயை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுச் சுதாகரனிடம் கொடுத்திருக்கிறேன், அந்த அளவுக்கு வாங்கு. அப்பாவிடம் அங்கே எல்லா வண்டிக்கும் இப்படி மூச்சு விடும் மூடிதான் என்று நீயே ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் வாதம், நீ சொன்னால் செய்தி.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். தாய்மாமன் எப்போது வருவான் என்று உன் மருமகள் கேட்கிற வயது வரும்முன் வந்து சேர். நீ நூறு வருடம் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
மருதாயி

கடையில் வாங்குமுன் வெளிப்பக்கத்திலிருந்து வாய் வைத்து ஊதிப் பார். காற்று உள்ளே போகாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வா, அந்த மாதிரி மூடி நம் தோட்டத்தில் நிறைய இருக்கிறது.