எடைப் புத்தகத்தில் பெயரில்லாத வரி

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த பதினைந்தாம் நாள் ஜெயில் மதிலோரத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் தம்பி சாமுவேலும் இப்போது கொட்டாரத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் மருமகன் தன் பள்ளிக்கூடப் புத்தகங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு அம்மாவுக்கு அறை ஒழித்துக் கொடுத்தார். பின்பக்கம் வயல். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து நடவு நடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும், கைதிகளை எண்ணி முடித்தாயிற்றா என்று இன்னமும் கேட்கிறாள்.

போன மாதம் சர்க்காரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. சாமுவேலுக்கு வேலை. எங்கே தெரியுமா? அதே ஜெயிலில், உங்கள் ஜெயிலர் இடத்துக்கே. தாலுகா கச்சேரியில் இரண்டு வருஷம் எழுத்து வேலை பார்த்தவன், தகப்பனை இழந்தவன், ஆகையால் மேலதிகாரி மனமிரங்கி இதைத் தருகிறாராம். அம்மா அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்து ஜெபம் பண்ணினாள். சாமுவேல் என் முகத்தைப் பார்த்தான். "அக்கா போன்னா போறேன், வேண்டாம்ன்னா விட்டுருகேன்" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பதில் எழுதித் தபாலில் போட்டாயிற்று. அது என்ன பதில் என்று சொல்வதற்கு முன்னால் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது அதற்கு நீங்கள் இடமே கொடுக்கவில்லை.

உங்கள் வேலை என்ன வேலை அப்பா? கைதிக்குத் தண்டனைக் காலம் என்று ஒன்று உண்டு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ, முடிந்ததும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விடுவான். நீங்கள் பதினெட்டு வருஷம் இருந்தீர்கள். தாலுகா எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். என் கல்யாணத்தன்று கோயிலுக்குள் வந்து என் கையைப் பிடித்துக் கொடுத்தீர்கள். பந்தி போடுவதற்குள், எண்ணிக்கைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் அதை மரியாதைக் குறைவு என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? ஞாயிறு ஆராதனையில் உங்கள் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். நீங்கள் பூட்டி வைத்திருந்தவன் ஊரில் யாராவது ஒருவருக்கு மைத்துனன், யாராவது ஒருவருக்குச் சித்தப்பா மகன். ஒரு வருஷம் மழைக்காலக் காய்ச்சலில் ஒரு பையன் ஜெயிலுக்குள்ளேயே இறந்துபோனான். அவன் அம்மா கடற்கரையிலிருந்து நடந்தே வந்து வாசலில் நின்றபோது, செய்தியை நீங்கள்தான் சொன்னீர்கள். அவள் மண்ணை வாரித் தூற்றினாள். நீங்கள் நகராமல் நின்றீர்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாளும் பேருக்குத்தான் சாப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டு நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசியில் உங்களைப் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னப்பா இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "ஜெயில் கஞ்சி குடிச்சா தடிக்கவா செய்யும் மக்கா?" என்று சிரித்தீர்கள். கைதிகளுக்குக் காய்ச்சின கஞ்சியை ஜெயிலர் முதலில் ருசி பார்த்தாக வேண்டும் என்பது விதி அல்லவா, அதை வைத்து ஒரு கேலி. நானும் சிரித்துவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டு கொட்டாரத்துக்கு வண்டியேறினேன். அந்தச் சிரிப்புக்கு நான் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

உத்தரவு வந்த மறு வாரம் கடியப்பட்டணத்து மிக்கேல் வீடு தேடி வந்தான். கடற்கரையில் வள்ளத்தகராறில் ஆளை அடித்து ஒன்றரை வருஷம் உங்களிடம் இருந்தானே, அவன்தான். ஓலைப் பெட்டியில் சாளை மீன் கொண்டுவந்திருந்தான். நீங்கள் இறந்தது விடுதலையாகி வெளியே வரும்போதே தெரியுமாம், வந்து முகத்தைக் காட்டத் தைரியம் வரவில்லையாம். முற்றத்தில் குந்தியிருந்தபடியே, யாருக்கும் தெரியாத ஒன்றை எனக்குச் சொன்னான்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சனிக்கிழமை கைதிகளை எடை போடுவீர்கள் அல்லவா? ஒருவனுக்கு நாலைந்து ராத்தல் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், வேலையிலிருந்து விலக்கிப் பால் கஞ்சி கொடுக்க வேண்டும். எடை ஏன் குறைந்தது என்று மேலிடம் உங்களைத்தான் கேட்கும். அந்தப் பெரிய தராசில் எடைக்கல் போடும் வேலை மிக்கேலுக்கு.

"அய்யா எங்கள எல்லாம் எறக்கி விட்டுட்டு, கடைசில அவியளும் ஏறி நிப்பாவ" என்றான். "கல்லு போடுகது நான்தான். ஒவ்வொரு தடவையும் கல்ல எடுக்க வேண்டியிருந்து அம்மா. ஒரு தடவகூட சேக்க வேண்டி வரல்ல."

நீங்கள் அதை எடைப் புத்தகத்தில் எழுதியும் வைத்தீர்கள். கடைசிக் கைதியின் பெயருக்குக் கீழே, பெயரும் நம்பரும் இல்லாத ஒரு வரி. பன்னிரண்டு சனிக்கிழமைகள். மொத்தம் இருபத்தேழு ராத்தல் இறக்கம் என்று மிக்கேல் கணக்குச் சொன்னான். எங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, புத்தகத்திடம் சொல்ல மட்டும் எப்படி வந்தது?

அப்புறம் மேலதிகாரி சோதனைக்கு வந்தார். ஜெயிலில் இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர், எடைப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு வரி. ஒருவன் தப்பிவிட்டான், நீங்கள் மறைக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார். உங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மூன்று தடவை எண்ணினார்களாம். கைதிகளெல்லாம் வெயிலில் வரிசையாகக் குந்தியிருக்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்களாம். கடைசியில், அந்த வரி நான்தான் என்று நீங்களே சொன்னீர்களாம். அதிகாரி புத்தகத்தைத் திரும்பப் பிரித்து அந்த வரியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு என்ன கேட்டார்? ஏன் இளைத்தாய் என்றா? கைதிகள் புத்தகத்தில் உன்னை எழுத யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டார். மூன்று நாளில் விளக்கம் தரச் சொல்லி மெமோ கொடுத்துவிட்டுப் போனார்.

மிக்கேல் போன பிறகு சாமுவேலும் நானும் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் நாலாக மடித்து எல்லாம் இருந்தது. வயிற்றுப்புண், பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாக வேண்டும் என்று ஜெயில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அதை வைத்து நீங்கள் லீவு கேட்ட விண்ணப்பம் இரண்டு. பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சம பதவியில் ஆள் இல்லை, மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழா முடிந்த பிறகு நினைவூட்டவும் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டும் திரும்பி வந்திருந்தன.

நீங்கள் எழுதின விளக்கத்தின் நகலும் இருந்தது. முதலில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "கைதியின் எடை குறைந்தால் என்னைக் கேட்கிறார்கள். என் எடை குறைந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாததால் நானே எழுதி வைத்தேன்." பிறகு அதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே ஒரே வரி: "தவறுதான், மன்னிக்க வேண்டும்."

ஏன் அடித்தீர்கள் அப்பா? பதினெட்டு வருஷத்தில் நீங்கள் எழுதின உண்மையான வரி அது ஒன்றுதானே. அதை அனுப்பியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

கொடைக்கு வந்த கூட்டத்தில் பிடிபட்ட பிக்பாக்கெட்டுகளால் ஜெயில் நிரம்பி வழிந்த நாளில், பட்டப்பகலில், எண்ணிக்கொண்டிருக்கும்போதே இரத்தம் கக்கி விழுந்தீர்கள். உங்களை வீட்டுக்குத் தூக்கி வந்தவர்கள் கைதிகள். பெஞ்சில் கிடத்தின கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சாவி கேட்டான். அம்மாதான் உங்கள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே உங்கள் நாற்காலியில் தற்காலிகமாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். பத்து நாளைக்குக் கிடைக்காத ஆள் ஒரே ராத்திரியில் எங்கிருந்து முளைத்தான்?

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மூன்று நாள் யோசித்துவிட்டு, அந்தக் காகிதங்களை அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அடித்த வரியையும் வாசித்தேன். அம்மா அழவில்லை. திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து போய் வேதப்புத்தகத்துக்குள் இருந்த உத்தரவை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"இத நீயே திருப்பி அனுப்பிரு மக்கா" என்றாள். "அவியளுக்கு என் வீட்டுல இருந்து ஒரு ஆளு போதும்."

அப்படித்தான் சாமுவேல் போகவில்லை. வேலை கிடைக்கிற மட்டும் இங்கே எங்கள் கஞ்சியில் பங்கு. வைராக்கியத்துக்குப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று சபையில் என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று ஒரு செய்தி கேட்டேன். உங்கள் இடத்துக்குக் கோட்டாற்றுக்காரர் ஒருவர் வந்துவிட்டாராம். இள வயது. மனைவியையும் கைக்குழந்தையையும் அந்த மதிலோரத்து வீட்டுக்கே கூட்டி வந்திருக்கிறாராம். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான், நம்ம சாமுவேல் தப்பினான் என்று. பிறகு அந்த நிம்மதியே கூசியது. நாங்கள் வேண்டாம் என்று தள்ளினதுதானே அவர் கைக்குப் போயிருக்கிறது?

வருகிற சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பெண்ணை எனக்கு முன்பின் தெரியாது. பைத்தியக்காரி என்று நினைத்துக் கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். வாசலில் நின்றாவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். உன் மாப்பிள்ளை சோற்றை ஒதுக்கிவிட்டுச் சிரித்தால் நீயும் கூடச் சிரிக்காதே என்று சொல்வேன். லீவு இல்லை என்று காகிதம் திரும்பி வந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீயே அதிகாரியின் வாசலில் போய் உட்கார், துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்பு, வருகிறேன் என்று சொல்வேன். இதையெல்லாம் அம்மாவிடம் நான் ஐப்பசியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நான் இருக்கிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு அப்பா.

உங்களோடு இன்னும் சண்டை தீராத,
உங்கள் மூத்த மகள்
ஞானம்மாள்