வாடகைப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து

கோவில்பட்டி
வியாழக்கிழமை

அன்புள்ள பிரேமா,

இது உன் கைக்கு வரும்வரை அல்லாஹ் உன்னைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். உன் புது போன் நம்பர் என்னிடம் இல்லை. என் மாமா மகன் ரஹீம் கடலைமிட்டாய் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அந்த விடுதியைவிட்டுக் கிளம்பிவிடு. காரணம் நான்தான்.

தாய்மாமனைக் கட்டச் சொல்கிறார்கள் என்று நீ வீட்டாருக்குத் தெரியாமல் கோயம்புத்தூருக்குப் போனபோது, நாம் அந்த வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மில் சம்பளத்தில் முழு வாடகையை நான் ஒருத்தி எப்படிக் கட்டுவது? காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரர் கண்ணுசாமி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பத்திரத்தை விரித்துக் காட்டினார். பதினோரு மாதத்துக்கு முன்னால் காலி செய்தால் மீதி மாத வாடகையும் தர வேண்டுமாம். நாம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

"அவ போயிட்டா, சரி. ரெண்டு பேருந்தானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீய? முழுசையும் உங்கிட்டதான் கேப்பேன்" என்றார்.

வக்கீலிடம் போனேன். 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று எழுதியிருப்பதால், அகப்பட்ட ஒருத்தியிடமே எல்லாவற்றையும் கேட்கலாம் என்றார். நான் கட்டிவிட்டு உன் பங்கை உன்னிடம் வாங்கிக்கொள்ளலாமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, பிரேமா. மாட்டிக்கொண்டவள் நான் மட்டும்தானா என்று தோன்றியது. போய்ச் சேர்ந்ததும் எனக்கு மட்டும் எழுதியிருந்தாயே, அந்த விடுதி முகவரியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு ஒரு நோட்டீஸ் வரும், பாதிப் பணம் அனுப்புவாய் என்றுதான் நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

அவர் நோட்டீஸ் அனுப்பவில்லை. நேராக உன் சொந்த ஊர் எப்போதும்வென்றானுக்கே போயிருக்கிறார். நேற்று வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "அவ அப்பாகிட்ட அட்ரஸக் குடுத்துட்டேன். மாமனும் அவியளும் சனிக்கிழமை கோயம்புத்தூர் போறாவளாம். பிள்ளையக் கூட்டிட்டு வந்து பணத்தக் கட்டுதோம்னு சொல்லிட்டாவ."

சங்கிலியை அடகு வைத்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன், அவர்களைப் போகவிடாமல் தடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "என் கணக்குத் தீந்துட்டும்மா. அவிய வீட்டு விஷயத்துல நான் என்ன சொல்ல?" என்கிறார். இதே சங்கிலி போன வாரமும் என் கழுத்தில்தான் கிடந்தது.

உன் பங்கு எதுவும் எனக்கு வேண்டாம். இதோடு மூவாயிரம் வைத்திருக்கிறேன், வழிச்செலவுக்கு. ரஹீமுக்கு விவரம் தெரியாது. எந்தப் பஸ் நிலையம் என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவான், எதுவும் கேட்கமாட்டான்.

எங்கே போனாலும் கதவு தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உனக்காகத் தினமும் துஆ செய்கிறேன். புது முகவரியை யாரிடமும் சொல்லாதே. எனக்கும் எழுதாதே.

தஸ்னீம்