சங்கராபுரம் கூட்டத்தில் ஜெயசுதா சொன்னது

வெள்ளிமலை,
8.1.2025

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

நல்லபடியாக மலை ஏறி வந்து சேர்ந்தேன். மூன்று தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரம் வாசகர் கூட்டத்தில் நீ பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. நிலத்தை இழந்து பிழைக்க ஊர் ஊராய்ப் போகும் அந்த அமெரிக்கக் குடும்பத்தின் கதையைப் படித்துவிட்டு, நான் இரண்டு நாள் சரியாகப் பாடம் நடத்தவில்லை. இதெல்லாம் உண்மை என்று கூட்டத்தில் நான் சொன்னதும் நீ எழுந்து, "இவ்ளோ கொடுமைய பட்டுக்கினு எவன் அங்கியே கிடப்பான்? எழுதினவரு ஜாஸ்தியா கட்டிவுட்டிருக்காரு" என்றாய். பாதிப் பேர் கை தட்டினார்கள்.

நான் பதிலுக்குச் சொன்னது கதை இல்லை. என் வகுப்பு இலக்கியாவின் அப்பா பாவாடையும் அம்மா தைலம்மாளும் கார்த்திகையில் கரும்பு வெட்டப் போனார்கள். இதுவரை ஒரு போன்கூட இல்லை. யார் கூட்டிப்போனது என்றும் தெரியவில்லை. அந்தப் பெண் தினமும் என்னைக் கேட்கிறாள். கரும்பு வெட்ட ஆள் பிடிக்கும் உன் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்.

கோபம் தீராத,
ராதிகா


மூங்கில்துறைப்பட்டு,
17.1.2025

அன்பு ராதிகா,

பொங்கல் ஆயிற்று. கோபப்படாதே. ஒரு புத்தகம் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டுமா? எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் கேட்டேன். பாவாடை என்று யாரையும் தெரியாதாம். "எந்த டீச்சரு அது? எந்த ஸ்கூலு?" என்று இரண்டு தடவை கேட்டார். சொல்லிவிட்டேன்.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. கோகிலவாணி அக்காவின் தையல் கடைக்கு எழுது. காரணம் கேட்காதே. அந்தப் பேச்சையும் விட்டுவிடு.

உன்,
ஜெயசுதா


வெள்ளிமலை,
24.1.2025

ஜெயசுதாவுக்கு,

நேற்று மத்தியானம் பைக்கில் இரண்டு பேர் பள்ளிக்கு வந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஊரில் இல்லை. ஒருவன் வகுப்பு வாசலில் நின்று, "கூட்டத்துல பேசின டீச்சர் நீங்கதானா? மலை ரோட்ல வளைவு ஜாஸ்திங்க, பார்த்து போய்ட்டு வாங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இன்னொருவன் இலக்கியா யாரென்று கேட்டான். இன்றைக்கு வரவில்லை என்றேன். அவள் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பள்ளி விடுதியில் இருந்த இலக்கியாவை இப்போது இரவில் என்னோடு படுக்க வைத்துக்கொள்கிறேன். என் பெயரை நீ சொன்னது உன் வீட்டுக்காரரிடம் மட்டும்தானே? அவர் அனுப்பியது இல்லையென்று ஒரு வரி எழுது. நான் நம்புகிறேன்.

ராதிகா


மூங்கில்துறைப்பட்டு,
30.1.2025

ராதிகா,

இல்லையென்று எழுத முடியவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் கரும்புக்காட்டில் பழைய மோட்டார் கொட்டகை இருக்கிறது. வாங்கின முன்பணம் தீரும்வரை விடமாட்டேனென்று பதினோரு பேரை அதில் வைத்திருக்கிறார். பகலெல்லாம் வெட்டுகிறார்கள். பொழுது சாய்ந்தால் வெளியே பூட்டு. போன்களை அவர் வாங்கி வைத்திருக்கிறார். சோறு கொண்டுபோவது நான்.

ஒருநாள் தைலம்மாள் கேட்டாள், "அம்மா, எம் பொண்ணு மலையில படிக்குது. நாங்க உசுரோட கீறோம்னு மட்டும் சொல்லிடுறீங்களா?" நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தை நான் முழுசாகப் படிக்கவே இல்லை. பாதியில் பயந்து மூடிவிட்டேன். கூட்டத்தில் நீ அது உண்மை என்றபோது எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அதனால்தான் பொய் என்றேன். கை தட்டியபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இந்தக் கடிதத்தைக் கலெக்டர் ஆபீசில் கொடு. என் பெயரை அடிக்காதே. நாளைக் காலை முதல் பஸ்ஸில் களமருதூர் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அவருக்குத் தெரியாது.

ஜெயசுதா,
க/பெ தீனதயாளன்


வெள்ளிமலை,
11.2.2025

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

போன வியாழக்கிழமை அதிகாரிகள் போய்ப் பூட்டை உடைத்தார்கள். பதினோரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிப்போயிற்று. பைக்கில் வந்தவர்கள் இன்னும் அகப்படவில்லை. இலக்கியா அம்மாவைப் பார்த்ததும் ஓடிப்போகவில்லை. என் பின்னால் நின்றுகொண்டு வெகுநேரம் பார்த்தாள். தைலம்மாள் அவ்வளவு இளைத்திருந்தாள்.

இதையும் நானே சொல்லியாக வேண்டும். சோறு யார் கொண்டுவந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். தைலம்மாள் உன்னைச் சொன்னாள். "கேட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லல" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழக்கில் உன் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். உன் கடிதம் உனக்குத் துணையா, உனக்கே எதிரா என்று வக்கீலுக்கும் நிச்சயமில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை களமருதூர் வருகிறேன். விசாரணைக்கு நீ ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உன்,
ராதிகா