வெள்ளோட்டம்

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே. சின்னவனுக்கு நேற்றும் ரத்தம் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் அழுதுவிட்டாள், அவன் அழவில்லை. இப்படியே ஏற்றிக்கொண்டிருந்தால் இரும்பு சேர்ந்து ஈரல் கெட்டுவிடுமாம். எலும்பு மஜ்ஜை மாற்றச் சொல்கிறார்கள். பெரியவளுடையது அவனுக்கு அப்படியே பொருந்துகிறது! "என் ரத்தத்தக் குடிச்சாவது கொழுத்துப் போடா" என்று அவன் கன்னத்தைக் கிள்ளுகிறாள்.

உன் ஆய்வகத்திலும் இந்த நோயைத்தானே பார்க்கிறீர்கள்? இது ஏன் வந்தது? என் மண்டைக்கு ஏறுகிற மாதிரி எழுது.

உன் அக்கா

ஜூன் 15

அக்கா,

செல்லுக்குள் புரதம் தைக்கிற மெஷின் ரைபோசோம். உன் தையல் கடைக்குப் புது மெஷின் வந்தால் நூல் கோக்காமல் ஓட்டிப் பார்ப்பாயே, செல்லும் அதையே செய்கிறது. புதிதாகச் செய்த சின்னப் பாதியைப் பெரிய பாதியோடு பூட்டி, தைக்க எதுவும் கொடுக்காமல் ஒரு வெள்ளோட்டம். தேறினால் வேலைக்கு, தேறாததை உடைத்துவிடும். சின்னவனுக்கு அதில் ஒரு பாகம் செய்கிற மரபணுவில் பிழை. நல்ல மெஷின்கள் போதவில்லை. சிவப்பணுக்கள் வளருமுன்பே சாகின்றன.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. அதே பிழை சிலரிடம் வெளியே தெரியாமலும் இருக்கும்; அப்படிப்பட்டவர் மஜ்ஜை அவனுக்கு உதவாது. பெரியவளின் மரபணுவைச் சோதிக்காமல் மஜ்ஜை எடுக்க விடாதே.

உன் தங்கை

ஜூன் 24

தங்கைக்கு,

படித்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றியது. ஓட்டப் பந்தயத்தில் பள்ளிக்கே முதலாவது வருகிறவள் அவள். நேரில் இருந்தால், "ஓடியாடுற பிள்ளைய ஏன்டி நோயாளியாக்குற?" என்று கேட்டிருப்பேன். உன் அத்தானோ, "பார்த்துட்டா நிம்மதிதானே" என்கிறார். உன் வாயை அடைக்கவாவது என்று அவளுடைய ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அக்கா

ஜூலை 19

முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது. அதே பிழை, அதே இடத்தில்.

"நல்லவேளை, உங்க தங்கச்சி காப்பாத்திட்டாங்க" என்றார் டாக்டர். யாரை என்று நான் கேட்கவில்லை. பொருந்துகிற வேறு ஆள் இதுவரை கிடைக்கவில்லையாம்.

பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கென்று துணிமணியைத் தானே மடித்து வைத்திருக்கிறாள். "எப்பம்மா என்னைக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் உன் அத்தான் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

சோதிக்கச் சொன்னவள் நீ. கிளம்பி வா. அவளிடம் நீயே சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா