சோற்று வடகம்

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம்.

எங்கள் சோற்று உலையை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று இந்த ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் அரிசி தருவதில்லை. கொட்டகையில் மொத்தமாக வடித்து, சோறாகத்தான் அளந்து போடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் அது புளித்துவிடுகிறது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம்தான்.

குழாயடியில் இப்போது இதே பேச்சுதான். கடைக்கார மஜீது வீட்டு ரம்லா அக்கா, "நெத்திலியும் மிளகாயும் இடிச்சு வதக்கிப் பிரட்டு, புளிப்பே தெரியாதுலா" என்றார். நான் உங்கள் பக்குவத்தைச் சொன்னேன். மிஞ்சிய சோற்றை உப்பும் சீரகமும் போட்டுப் பிசைந்து, கிள்ளி வைத்துக் காயவிடுவது.

பக்கத்து வீட்டு மங்களம் அக்கா அப்படியே ஒரு பாய் நிறையக் காயவைத்தார். சோதனைக்கு வந்த போலீஸ்காரர், மாதக்கணக்கில் கெடாத சோறு காட்டுக்குத்தான் போகும் என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது வடகம்லா ஐயா! எண்ணெய் கொண்டாங்க, உங்களுக்கும் ரெண்டு பொரிச்சுத் தர்றேன்."

நாங்களும் சிரித்தோம். அக்காவை லாரியில் ஏற்றும்வரை சிரித்தோம்.

நீங்கள் கவலைப்படாதீர்கள், என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் மகள் என்னிடம்தான் சாப்பிடுகிறாள். புளித்த சோற்றுக்கு வேறு பக்குவம் இருந்தால் தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள். நீளமாகவே எழுதச் சொல்லுங்கள்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். இன்று காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது எல்லோர் முன்னாலும் துரையிடம் சொன்னேன்: "வடகம் போடச் சொல்லிக்கொடுத்தது நான். அக்காவைக் கொண்டாந்து வீட்டுல விடுங்க."

துரை, பெயர் ஏட்டைப் பிடித்திருந்த கிராணியிடம் திரும்பி, அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

செங்கமலம்